எரியாத நிலக்கரி
காற்றும் கதிரும் கரியமிலவாயுவைக் குறைக்கும் வகை பற்றி

நெல்லைச் சீமையில் ஓர் ஆலயத்தின் மேல்தளத்தில் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன. அவற்றை அர்ப்பணிக்கும் ஆராதனைக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். ஆலயத்தின் நுழைவாயிலில் புதிதாக ஒரு பலகை வைக்கப்பட்டிருந்தது. இவ்வாலயம் ஆண்டுதோறும் 5 டன் கரியமிலவாயுவைக் குறைக்கிறது என்று அதில் எழுதியிருந்தனர். ஆராதனை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் அருகில் வந்து, "ஐயா, அந்த ஐந்து டன்னை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? அது எந்த இடத்தில் குறைந்தது?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்டவரல்லர். பாலிடெக்னிக்கில் மின்னியல் பயின்றவர். அன்று நான் அளித்த விடை அவரையும் நிறைவு செய்யவில்லை, என்னையும் நிறைவு செய்யவில்லை. அவ்விடையைத் திருத்திக் கூறும் முயற்சியே இக்கட்டுரை.

இவ்வினா மின்னியலாருக்கு மட்டும் உரியதன்று. சுற்றுச்சூழல் ஞாயிறு கொண்டாடப்படும் சபைகளில் அன்றைய அருளுரைகளில் கரியமிலவாயு, காற்றாலை, சூரிய மின்சாரம் ஆகிய சொற்கள் இப்பொழுது தாராளமாகப் புழங்குகின்றன. சபை மக்கள் முன் ஓர் எண்ணை உரைக்கும் ஆயர், அவ்வெண் எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்திருத்தல் நலம். அறியாது உரைத்தால், கேட்போரில் விவரமறிந்த ஒருவர் எழுந்து வினவும்போது, அந்த எண்ணோடு அருளுரை முழுவதுமே ஐயத்திற்கு உள்ளாகும்.

எரிவதன் கணக்கு

நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கரியமிலவாயு ஆகிறது. 12 பங்கு எடையுள்ள கரி 32 பங்கு பிராணவாயுவோடு சேர்ந்து 44 பங்கு எடையுள்ள கரியமிலவாயுவாக மாறுகிறது. எரிந்த கரியைப்போல மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட எடை புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது என்பதைக் கேட்டுப் பலர் வியப்புறுவர். கூடுதலான அந்த எடை காற்றிலிருந்து வந்ததே.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி; மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சாம்பலாகவே எஞ்சும். கரியின் அளவு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு யூனிட் மின்சாரம் பெறுவதற்கு இத்தகைய நிலக்கரி சுமார் 700 கிராம் வேண்டும். அதில் 280 கிராம் கரி என்று கொண்டால், அது எரிந்து ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமிலவாயு தரும். ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோகிராம் என்பது நினைவில் நிறுத்த எளிதான கணக்கு. ஒரிசாவிலும் வங்கத்திலுமிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வரும் நிலக்கரிக்கு இக்கணக்கு ஏறக்குறைய பொருந்தும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதியாதலின், அங்கு ஒரு யூனிட்டுக்குரிய கரியமிலவாயு சற்றுக் கூடவே இருக்கும்.

நிலக்கரியோடு புனல், அணு, காற்று, கதிர் ஆகிய எல்லா வழிகளிலும் பிறக்கும் மின்சாரத்தையும் சேர்த்து நாடு முழுமைக்கும் சராசரி கண்டால், ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோகிராம் அளவில் வரும். மத்திய மின்சார ஆணையம் இச்சராசரியை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஆலயப் பலகையின் எண்ணும் இதிலிருந்துதான் பிறந்தது. அங்குள்ள தகடுகள் 5 கிலோவாட் திறனுடையவை. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். அவ்வாறாயின் ஆண்டுக்கு 7,300 யூனிட். அதை 0.7ஆல் பெருக்கினால் 5 டன்னுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. பெருக்கலில் பிழையில்லை.

தகடுகளைச் செய்வதற்கும் ஆற்றல் வேண்டுமே, அதைக் கழிக்க வேண்டாமா என்பார் உளர். அவ்வினா நேரியதே, ஆயினும் அதனால் பெரிய மாற்றம் விளைவதில்லை. பன்னாட்டு அரசுகளின் தட்பவெப்ப மாற்றக் குழு 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், சுரங்கம் தோண்டுவது முதல் பழம்பொருளாக ஒதுக்குவது வரை எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், கூரைமேல் பொருத்தும் சூரியத் தகடு 41 கிராம், நிலத்தின்மேல் நிற்கும் காற்றாலை 11 கிராம் என்று நடு அளவுகள் தரப்பட்டன. ஆலயத்தின் கணக்கில் இதற்காகக் கழிக்க வேண்டியது ஆண்டுக்கு 300 கிலோகிராம் மட்டுமே. வாலிபரின் வினா இதைப் பற்றியதன்று. அது எந்த இடத்தில் குறைந்தது என்றல்லவா அவர் கேட்டார்?

குறைவது எங்கே?

கூரைமேல் எதுவும் குறைவதில்லை. காற்றாலையும் சூரியத் தகடும் காற்றிலுள்ள கரியமிலவாயுவில் ஓர் அணுவையேனும் அகற்றுவதில்லை. அப்பணியைச் செய்வன மரங்களும் கடலும் மண்ணும். தகடு தரும் மின்சாரம் கம்பியில் நுழைந்த அக்கணத்தில், வேறோர் ஊரில், ஓர் அனல்மின் நிலையத்தின் கொதிகலனுக்குச் செல்லும் நிலக்கரி அவ்வளவுக்குக் குறைக்கப்படுமானால், அங்கேதான் குறைவு நிகழ்கிறது. அவ்வாறு குறைக்கப்படாவிட்டால் எங்கும் எதுவும் குறையவில்லை. எரியாது நின்ற நிலக்கரி ஒன்றே இக்கணக்கின் பொருள்.

மின்சாரத்தைக் கம்பியில் சேமித்து வைக்க இயலாது. ஒவ்வொரு கணமும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவே உற்பத்தியாதல் வேண்டும். செலவு மிஞ்சினால் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50க்குக் கீழே இறங்கும்; உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். இதைக் கவனித்து, எந்த நிலையம் கூட்டவேண்டும், எது குறைக்கவேண்டும் என்று இரவும் பகலும் ஆணையிடுவதற்கெனவே மாநிலச் சுமைப் பகிர்வு மையம் இயங்குகிறது. காற்றும் கதிரும் தரும் மின்சாரத்தை முதலில் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது விதி. அது வரும்போது அணைநீரால் இயங்கும் நிலையத்தை நிறுத்தினால், அந்நீர் அணையிலேயே தங்கிப் பின்னொரு மாலையில் நிலக்கரிக்கு மாற்றாக உதவும். ஆகவே அங்கும் பயன் உண்டு, சற்றுத் தாமதமாகக் கிட்டும். நிலக்கரி நிலையத்தைக் குறைத்தால் பயன் உடனே கிட்டும்.

ஆனால் நிலக்கரி நிலையத்தைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அடுப்பை அணைப்பதுபோல் கொதிகலனை அணைத்துவிட முடியாது. அணைத்தால் மீண்டும் சூடேற்றி இயக்கப் பல மணிநேரம் ஆகும். நண்பகலில் தேவையில்லாத நிலையம் மாலை ஏழு மணிக்குக் கட்டாயம் தேவைப்படும். ஆதலின் நண்பகலிலும் அது தணிந்த தீயில் எரிந்துகொண்டே இருத்தல் வேண்டும். எவ்வளவு தணியலாம்? முழுத் திறனில் 55 விழுக்காடு வரை இறங்கலாம் என்பது பல ஆண்டுகளாக வழக்கிலிருந்த விதி. படிப்படியாக 40 விழுக்காடு வரை இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023ஆம் ஆண்டில் விதி வகுத்தது. தணிந்த தீயில் ஒரு யூனிட்டுக்கு ஆகும் நிலக்கரி சற்று மிகுதி என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

எல்லா நிலையங்களும் இந்த அடிமட்டத்தை எட்டிய பின்னரும் கம்பியில் மின்சாரம் மிஞ்சுமானால், காற்றாலைகளையும் சூரியப் பண்ணைகளையும் நிறுத்தும்படி மையம் ஆணையிடுகிறது. தமிழ்நாட்டில் இது பலமுறை நிகழ்ந்தது. சூரிய மின் உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். காரணமின்றி நிறுத்தச் சொன்ன காலத்துக்கு இழப்பீடு தரவேண்டும் என்று மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தகைய ஒரு நண்பகலில் நம் ஆலயக் கூரை அனுப்பும் யூனிட், தூத்துக்குடி நிலக்கரியைத் தடுப்பதில்லை. கமுதியிலோ கயத்தாற்றிலோ உள்ள மற்றொரு தூய யூனிட்டையே வெளியே தள்ளுகிறது. அந்நேரத்துக்குரிய குறைப்பு சுழி.

ஆரல்வாய்மொழியும் ஆஸ்கோவும்

காற்றாலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலுமே. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிற்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளில் மட்டும் அக்காற்று நெருக்குண்டு விரைந்து புகுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. வைகாசி முதல் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழியில் குடை விரிக்க முடியாது என்பதை அவ்வழிப் பயணம் செய்தோர் அறிவர்.

இந்தியாவின் முதல் காற்றாலைத் தொகுதிகள் 1986ஆம் ஆண்டில் குஜராத், மராட்டியக் கடற்கரைகளிலும் நம் தூத்துக்குடிக் கடற்கரையிலும் நிறுவப்பட்டன. அவ்வியந்திரங்கள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனுடையவை, டென்மார்க்கிலிருந்து வந்தவை. பின்னர் டென்மார்க் அரசின் உதவியுடன் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் ஆலைகள் எழுந்தன. தரங்கம்பாடியின் வரலாற்றை அறிந்த நம் வாசகர்களுக்கு, அந்நாட்டிலிருந்து 1706ஆம் ஆண்டில் வந்திறங்கியவர்களையும் ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்குப் பின் வந்திறங்கிய இவ்வியந்திரங்களையும் சேர்த்து எண்ணத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது.

டென்மார்க்கில் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி ஒரு பள்ளியில் வளர்ந்தது. லுத்தரன் போதகரும் பாடலாசிரியருமான குருண்ட்விக்கின் கருத்துகளைத் தழுவி உழவர் மக்களுக்கென நாட்டுப்புற உயர்பள்ளிகள் அந்நாட்டில் தோன்றின. அவற்றுள் ஒன்று ஆஸ்கோவ். அங்கு ஆசிரியராக இருந்த பால் லா கூர் 1891ஆம் ஆண்டில் ஒரு காற்றாலையைக் கட்டி மின்சாரம் பெற்றார். அந்நாளிலேயே அவரை வாட்டிய கேள்வி, காற்று வீசாத இரவில் என்செய்வது என்பதே. அம்மின்சாரத்தால் நீரைப் பிரித்து, கிடைத்த நீரகவாயுவைக் கலங்களில் சேமித்து, பள்ளியின் விளக்குகளை அதனால் எரித்தார். நீரகவாயுவில் பிராணவாயு சிறிது கலந்துவிட்ட வேளைகளில் வெடிப்பு ஏற்பட்டுப் பள்ளியின் சன்னல் கண்ணாடிகளைப் புதுப்பிக்க நேர்ந்ததும் உண்டு. காற்றை மின்சாரமாக்குவதைக் காட்டிலும் அதைப் பிடித்து வைப்பதே கடினம் என்பதை முதலில் அனுபவித்தவர் அவர்.

நம்மிடமும் அத்தகைய கலம் ஒன்று உண்டு. ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 400 மெகாவாட். மிஞ்சிய மின்சாரத்தால் கீழ்நீர்த்தேக்கத்திலிருந்து மேல்நீர்த்தேக்கத்துக்கு நீரை ஏற்றி, வேண்டும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் பெறுவதே அதன் முறை. இத்தகைய நிலையத்தில் 4 யூனிட் செலவிட்டால் ஏறத்தாழ 3 யூனிட் திரும்பக் கிடைக்கும். ஒரு யூனிட் நட்டம்தான். எனினும் வீணாகப் போகவிருந்த மூன்று யூனிட்டுகள் மாலை நிலக்கரியைத் தடுக்கின்றன. தமிழ்நாட்டின் மின்தேவையோ 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதன் எதிரில் 400 என்பது மிகச் சிறிது. மின்கலங்களின் விலை இறங்கி வருவதால் அவ்வழியும் இப்பொழுது திறந்துள்ளது.

சேமிப்பதற்கு மாற்றாக, மிஞ்சியதைத் தொலைவிலுள்ளோருக்கு அனுப்புவது மற்றொரு வழி. 2013 டிசம்பர் 31ஆம் நாள் வரை தென்னக மின்கட்டமைப்பு இந்தியாவின் ஏனைய பகுதிகளோடு முழுமையாக இணைக்கப்படாமல் தனித்தே இயங்கிற்று. ரெய்ச்சூர் - சோலாப்பூர்க் கம்பியின் வழியாக அன்றுதான் அது இணைந்தது. 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு யாருக்கும் மறந்திராது. நாளில் பாதிக்கு மேலும் சிற்றூர்களில் மின்சாரம் இல்லை. ஆலயங்களில் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடின. அக்காலத்திலேயே, போதிய கம்பிகள் இல்லாமையால், காற்று மிகுந்த மாதங்களில் காற்றாலைகள் நிறுத்திவைக்கப்பட்டன என்பது வேதனைக்குரியது. 2021ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்ட புகளூர் - ராய்கர் உயரழுத்தக் கம்பி 6,000 மெகாவாட் கொண்டு செல்லவல்லது. சத்தீஸ்கரின் நிலக்கரி மின்சாரம் தெற்கே வரவும் நம் ஆடிக்காற்று வடக்கே செல்லவும் அதே கம்பி பயன்படும். அதனால் எரியாது நிற்கும் நிலக்கரி தூத்துக்குடியில் இல்லாமல் கோர்பாவில் இருக்கலாம். கரியமிலவாயுவுக்கு மாநில எல்லை கிடையாது. எங்கு குறைந்தாலும் குறைவே.

திறனும் விளைவும்

செய்தித்தாள்களில் வரும் மெகாவாட் எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். மெகாவாட் என்பது திறன். யூனிட் என்பது விளைவு. ஒரு வயலின் பரப்புக்கும் அறுவடையான நெல்லுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்டது. நெடுங்காலம் இந்தியாவில் முதலிடத்தில் இருந்த நம் மாநிலத்தை அண்மையில் குஜராத் முந்திச் சென்றது. 2022 ஜூலை மாதத்தில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் காற்று மின்சாரம் இங்கே விளைந்தது. தை, மாசியில் அதில் பத்திலொரு பங்கும் கிடைக்காத நாட்கள் உண்டு.

இந்தியாவின் மொத்த மின்திறனில் நிலக்கரி முதலிய எரிபொருள் சாராத பகுதி 2025ஆம் ஆண்டின் நடுவில் 50 விழுக்காட்டை எட்டியது. இது பெருஞ்செய்தியாக வெளியிடப்பட்டது, பெருஞ்செய்தியேதான். ஆயினும் 2024-25ஆம் ஆண்டில் நாம் செலவிட்ட யூனிட்டுகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து பிறந்தவை. இரண்டும் ஒருங்கே உண்மை. சூரியத் தகடு இரவில் உறங்குகிறது. நிலக்கரி நிலையம் உறங்குவதில்லை.

மற்றொன்றையும் மறைக்கலாகாது. நாட்டின் மின்தேவை ஆண்டுதோறும் வளர்கிறது. புதிய காற்றாலைகளும் தகடுகளும் தரும் யூனிட்டுகள் அவ்வளர்ச்சிக்கே சரியாகிவிட்டால், எரியும் நிலக்கரியின் அளவு குறையாது. கூடாமல் நிற்கும், அவ்வளவே. ‘குறைத்தல்’ என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இதுவரை ‘கூடாதிருத்தல்’தான். இதைக் குற்றமாகக் கூறவில்லை. ஓர் இந்தியர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமிலவாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் அமெரிக்கரோ ஏறத்தாழ 14 டன்னுக்கு. மின்விளக்கே காணாதிருந்த வீட்டுக்கு விளக்கு வந்ததைக் கணக்கில் பழியாக எழுதுவது நீதியன்று. ஆனால் வானம் நீதி நோக்குவதில்லை. அது எடையை மட்டுமே ஏற்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமிலவாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் என்பார் 1958ஆம் ஆண்டில் அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. வெளியிடுவதில் ஏறக்குறைய பாதியைக் கடலும் நிலமும் ஏற்றுக்கொள்கின்றன. மீதி அங்கேயே தங்குகிறது. கூடாதிருத்தல் மட்டும் நிகழ்ந்தால் அவ்வெண் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரு டன்னுக்கு எத்தனை உரிமையாளர்?

முப்பந்தலில் ஆலை நிறுவியோரில் கோவை வட்டாரப் பஞ்சாலை உரிமையாளர்கள் பலர். அவர்கள் அனைவரும் வானத்தை எண்ணியே நிறுவினர் என்று கூறுவது வரலாறாகாது. 1990களில் காற்றாலையின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள அரசு இடமளித்தது. ஆலைக்கு மின்சாரமும் கிடைத்தது. காற்று மாதங்களில் விளைந்ததை மின்வாரியத்தில் வரவு வைத்துப் பிற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. நோக்கம் எதுவாயினும் எரியாத நிலக்கரி எரியாததே. இதில் நான் குறைகாணவில்லை.

சிக்கல் அதன்பின் எழுந்தது. கியோட்டோ உடன்படிக்கை 2005ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபின், செல்வ நாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டில் குறைக்காததற்கு ஈடாக ஏழை நாடுகளில் நிகழ்ந்த குறைப்பை விலைக்கு வாங்கலாம் என்ற ஏற்பாடு செயற்பட்டது. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பலவும் அதில் பதிவு பெற்றன. இவ்விற்பனை இல்லாதிருந்தால் ஆலை எழுந்திராது என்று மெய்ப்பிப்பது அதன் நிபந்தனை. வரிச்சலுகையால் எழுந்த ஆலைக்கு அந்நிபந்தனை பொருந்துமா? பொருந்தும் என்று பல தாள்களில் எழுதப்பட்டது. இனி, விற்கப்பட்ட அந்த டன்னை வாங்கிய நிறுவனம் தன்னுடையது என்கிறது. விற்ற ஆலையும் தன் விளம்பரத்தில் தன்னுடையது என்கிறது. நாடும் தன் அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறது. நிலக்கரி ஒருமுறைதான் எரியாது நின்றது. மூவர் கணக்கில் அது மூன்று டன்னாகிறது. திருச்சபைகளிடமும் இத்தகைய சான்றிதழ்களை விற்க வருவோர் உளர். வாங்குமுன் அந்த டன் இன்னும் எத்தனை பேருக்கு விற்கப்பட்டுள்ளது என்று வினவுதல் தகும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 2016ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சூரியப் பண்ணை 648 மெகாவாட் திறனுடையது. பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். அவ்வட்டாரத்து நிலம் தரிசு என்று அரசு ஏட்டில் எழுதப்படும். ஆயினும் அங்கே ஆடு மேய்ந்தது, சீமைக்கருவேல் வளர்ந்தது, அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்றுப் பிழைப்போர் அம்மாவட்டத்தில் ஏராளம். வெட்டினால் மீண்டும் தழைக்கும் அம்மரமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலே என்பதை நாம் நினைப்பதில்லை. காற்றாலையின் அடியில் ஆடு மேயலாம், மானாவாரிப் பயிரும் செய்யலாம். வேலியிட்ட சூரியப் பண்ணையில் அது பெரும்பாலும் இயலாது. முப்பந்தலின் நல்ல காற்றுள்ள இடங்களில் இன்றும் நிற்கும் சிறு பழைய ஆலைகளை எடுத்துவிட்டு, 2, 3 மெகாவாட் திறனுள்ள ஆலைகளை அங்கேயே நிறுவினால் புதிய நிலம் மிகுதியாக வேண்டாம். இதற்கென ஒரு கொள்கையைத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் வெளியிட்டது.

ஆலயத்துக்குத் திரும்புவோம்

வாலிபருக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே. தம்பி, அந்த ஐந்து டன் எடைபோட்டுப் பார்த்ததன்று. நாடளாவிய சராசரியால் பெருக்கிக் கண்டது. ஆலயத்தின் தகடுகள் தரும் யூனிட், நிலக்கரி குறைக்க இடமுள்ள ஒரு பகலில் ஒரு கிலோகிராமைத் தடுக்கலாம். காற்றும் வெயிலும் ஒருங்கே மிஞ்சிய ஆடி மாத நண்பகலில் ஒன்றையும் தடுக்காது போகலாம். அதுபோலவே ஆலயம் செலவிடும் யூனிட்டும் நேரத்துக்கேற்ப மாறுகிறது. ஞாயிறு காலை ஒன்பதரை ஆராதனையில் சுழலும் மின்விசிறிகள் பெரும்பாலும் நம் தகடுகளாலேயே சுழல்கின்றன. மார்கழி மாலையில், காற்று ஓய்ந்து வெயிலும் மறைந்தபின், ஊரெங்கும் எரியும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் பெரும்பாலும் நிலக்கரியால் எரிகின்றன. மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடும் கன்வென்ஷன் இரவுகளிலோ, ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோகிராம் வீதம் ஆலய வளாகத்திலேயே கரியமிலவாயு பிறக்கிறது.

அவ்வாலயத்தை ஒட்டி ஒரு மாணவியர் விடுதி உண்டு. அதன் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் 5 குதிரைத்திறன் உடையது. விடியற்காலை நான்கு மணிக்கு அதைப் போட்டு இரண்டு மணிநேரம் நீரேற்றுவது நெடுநாள் வழக்கம். நாளொன்றுக்கு ஏழரை யூனிட் அளவில் ஆகும்; ஆண்டுக்கு 2,700 யூனிட். அந்நேரத்தில் வெயில் இல்லை. ஆண்டில் ஏழு மாதம் காற்றும் இல்லை. அதையே பதினொரு மணிக்குப் போட்டால் தகடுகள் தரும் மின்சாரத்திலேயே பெரும்பாலும் நீர் ஏறும். விடியலில் எரியவேண்டிய நிலக்கரி அவ்வளவுக்கு எரியாது. தொட்டி பெரிதாகையால் மறுநாள் காலைக்கும் நீர் போதும். இதை நான் பின்னர் ஆயருக்கு எழுதினேன். கேள்வி கேட்ட அதே வாலிபர் மோட்டாருக்கு ஒரு நேரக்கருவி பொருத்திக் கொடுத்தார் என்றும், விடுதிக் காப்பாளர் முதலில் தயங்கிப் பின் இசைந்தார் என்றும் விடை வந்தது. பலகையிலுள்ள எண்ணை என்செய்வது என்பதைக் குறித்துப் போதகச் சேகரக் குழு இன்னும் முடிவு செய்யவில்லையாம்.